பன்னெண்டு வீட்டுச் செண்டுமல்லி

எங்க லைன்ல பன்னெண்டு வீடு, ஒரு குழாய், ஒரு வேப்பமரம், பன்னெண்டு வீட்டுக்கும் பொதுவா முப்பத்தி ஏழு சண்டை இருந்துச்சு. அந்த முப்பத்தி ஏழும் போன வருசம் ஆவணிக்கும் ஐப்பசிக்கும் நடுவுல, எங்க வீட்டுப் பின்னாடி பெயிண்ட் டப்பாவுல நான் வளர்த்த செண்டுமல்லியத் தின்னு தின்னே தீந்துபோச்சு. தீந்துபோச்சுன்னா எல்லாரும் கட்டிப்பிடிச்சு அழுதாங்கன்னு நினைக்காதீங்க. பூவத் தின்ன அஞ்சாவது நிமிசம், உள்ள இருந்த கோவம் நெத்தியிலயும் கழுத்துலயும் அக்குள்லயும் ஆரஞ்சு கலர் வேர்வையா வடிஞ்சுச்சு, துண்டெடுத்துத் துடைச்சாங்க, துண்டை ஊறப்போட்டாங்க, அவ்வளவுதான்.

நான் பெர்னதெத், லைன்ல கூப்பிடுறது பெர்னா, திண்டுக்கல்லுல பி.எஸ்சி பாட்டனி ரெண்டாம் வருசம். எங்கம்மா அடைக்கலமேரி பள்ளிக்கூடத்துச் சத்துணவுல சமைக்குது. கொதிக்கிற அண்டாவுக்கு மேல இருநூறு பிள்ளைகளக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதோட தொண்டை அப்படியே நின்னுபோச்சு, உப்பு கேட்டாக்கூட ஊரே திரும்பிப் பாக்கும். எங்கப்பா சவரிமுத்து ஆறு வருசத்துக்கு முன்னாடி பனியன் கம்பெனி வேலைக்குன்னு திருப்பூர் போயி, அங்க இன்னொரு வீட்டு வாசல்ல செருப்பக் கழட்டுனவரு, திரும்பி மாட்டவே இல்ல. லைன்ல எல்லாரும் சொல்றது என்னன்னா, அடைக்கலம் கோவக்காரி, அந்தக் கோவத்துக்குப் பயந்துதான் மனுசன் வரமாட்டேங்கிறான். நானும் அதத்தான் நம்புனேன். ஆனா அவுங்க குறையா நம்புனாங்க, நான் பெருமையா நம்புனேன்.

பூ விசயத்துக்கு வர்றேன். காலேஜ்ல வீட்டுத் தோட்டத்துல சாப்பிடுற பூ வளக்கணும்னு புராஜெக்ட். சீட்டு குலுக்கிப் போட்டதுல ஒருத்திக்கு ரோஜா, ஒருத்திக்குச் சங்குப்பூ, ஒருத்திக்குச் செம்பருத்தி, எனக்குச் செண்டுமல்லி. நான் எந்திரிச்சு நின்னேன்.

"மேடம், எங்க ஊர்ல இதக் கல்லறைக்குப் போடுவாங்க, லாரிக்குப் போடுவாங்க, கட்சிக்காரன் கழுத்துல போடுவாங்க. எவனும் வாயில போடமாட்டான்."

"இது வேற ரகம்மா. சின்னப் பூ, எலுமிச்சை வாசம் அடிக்கும். கடைப் பூவுல மருந்தடிச்சிருப்பாங்க, அதத் திங்கக்கூடாது, வெதையிலேர்ந்து நீயே வளக்கணும். எதிர்த்துப் பேசாம பொட்டலத்த வாங்கிட்டு உக்காரு."

வெதை கறுப்பு ஊசி மாதிரி இருந்துச்சு, முனையில வைக்கோல் வால். பாதியா அறுத்த தண்ணிக் கேன்ல செம்மண்ணும் மணலும் மக்குன சாணியும் கலந்து தூவுனேன், அஞ்சாம் நாள் மொளைச்சுச்சு, நாலு எலை விட்டதும் பதினாலு பெயிண்ட் டப்பாவுக்கு மாத்துனேன், ஒரு மாசத்துல நுனியக் கிள்ளிவிட்டேன், கிள்ளுன எடத்துல ரெண்டு ரெண்டாக் கெளை வந்துச்சு. பூ மேல தண்ணி படாம வேர்லயே ஊத்துனேன். இதெல்லாம் ரெகார்டு நோட்டுல இருக்கு, படம் போட்டு பாகம் குறிச்சிருக்கேன்.

பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் அக்கா செவுத்துக்கு மேல தாடைய வச்சுக்கிட்டு, "ஏன்டி பெர்னா, பொணத்துக்குப் போடுறத வீட்ல வளக்குற?"ன்னுச்சு.

"திங்கறதுக்குக்கா."

"பூவ யாராச்சும் திம்பாங்களா?"

"வாழப்பூ திங்கிற, முருங்கப்பூ திங்கிற, வேப்பம்பூவ ரசத்துல போட்டு உறிஞ்சுற. இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"அதெல்லாம் காய்க்குறதுக்கு முன்னாடி வர்ற பூவுடி. இது பூக்குறதுக்குன்னே பூக்குற பூவு. இதத் தின்னா என்ன அர்த்தம்?"

அர்த்தம் கேக்குற ஆள்கிட்ட பதில் பேசலாம். அது அதுக்குள்ள துணி காயப்போடப் போயிருச்சு.

ஆவணி மூணாந் தேதி மொதப் பூ பூத்துச்சு. எங்க லைன்ல ஒரு பழக்கம், யாராச்சும் கிண்ணத்துல கொழம்பு குடுத்தா அந்தக் கிண்ணத்த வெறுங்கிண்ணமாத் திருப்பிக் குடுக்கக்கூடாது, ஒரு வாழப்பழமாச்சும், ஒரு கரண்டி சீனியாச்சும் போட்டுத்தான் குடுக்கணும். அன்னைக்குப் பஞ்சவர்ணம் அக்காவோட மீன் கொழம்புக் கிண்ணம் எங்க வீட்ல இருந்துச்சு, எங்க வீட்ல சீனி இல்ல. அம்மா, "தயிர்சோறு இருக்கு, அதப் போட்டுக் குடு"ன்னுச்சு. எனக்குப் புராஜெக்ட்டுக்கு அஞ்சு பேர் ருசி பாத்துச் சொல்லணும். நான் பூவப் பிச்சு, ஒவ்வொரு இதழுக்கும் அடியில கசக்குற வெள்ளைத் துண்டக் கத்திரியால வெட்டிட்டு, தயிர்சோத்து மேல தூவிக் குடுத்தேன்.

அந்தச் சோத்த அக்கா திங்கல, அது வீட்டுக்காரர் தங்கராசு அண்ணன் தின்னாரு. அவரும் அக்காவும் பேசி நாலு மாசம். அக்காவோட தம்பி கல்யாணத்தன்னைக்கு இவரு ஜல்லிக்கட்டு பாக்கப் போயிட்டாரு, அதச் சொல்லிக்காட்டுனதுக்கு இவரு கோவிச்சுக்கிட்டாரு, அன்னைக்கிலேர்ந்து ரெண்டு பேரும் டிவியப் பாத்துத்தான் பேசிக்குவாங்க, டிவில நியூஸ் வாசிக்கிற பொண்ணுகிட்ட "கேஸ் தீந்துபோச்சும்மா"ன்னு அக்கா சொல்லும், "நாளைக்கு வரும்மா"ன்னு அண்ணன் சொல்லுவாரு. தயிர்சோறு பாதி தின்னுருப்பாரு, நெத்தியில ஒரு ஆரஞ்சுச் சொட்டு, அப்புறம் ரெண்டு, அப்புறம் பனியன் முழுக்க நனைஞ்சு, சாதத் தட்டுல ஒழுகி, அதத் துண்டால ஒத்திட்டு நிமிந்து, "வர்ணம், இன்னுங் கொஞ்சம் சோறு வையி"ன்னாரு.

அக்கா சோறு வச்சுச்சு. சாயங்காலம் செவுத்துக்கிட்ட வந்து, "ஏன்டி, அந்தப் பூவு இன்னும் இருக்கா?"ன்னு கேட்டுச்சு. அம்புட்டுத்தான் ஆச்சரியப்பட்டுச்சு.

கிண்ணம் போன வழியெல்லாம் பூ போச்சு. அக்கா வீட்டுக் கிண்ணம் தையக்கார கண்ணாத்தா வீட்டுக்கு, அங்கேர்ந்து முக்குல டீக்கடை வச்சிருக்க காதர் பாய் வீட்டுக்கு, அங்கேர்ந்து ரிட்டயர்டு ஏட்டு குருசாமி ஐயா வீட்டுக்குன்னு, வெறுங்கிண்ணம் குடுக்கக்கூடாதுங்கிற ஒரே காரணத்துக்காகப் பூ சுத்திச் சுத்தி வந்துச்சு. வாய்க்கா தகராறுல பேச்ச விட்டிருந்த அண்ணன் தம்பி பேச ஆரம்பிச்சாங்க. மாமியாருக்கு எட்டு வருசமா இருந்த கோவம் ஒரு வடையில வடிஞ்சுபோயி, மறுநாள் மருமகளப் பாத்து என்ன பேசறதுன்னு தெரியாம முழிச்சுச்சு. வீட்டுக்கு ஒரு பழைய துண்ட எடுத்துக் கோவத் துண்டுன்னு பேர் வச்சாங்க. சாயம் மத்த துணியில ஏறிரும்ங்கிறதால குழாயடியில கோவத் துண்டு துவைக்கத் தனிக் கல்லு ஒதுக்குனாங்க. கண்ணாத்தா அக்குள்ல கறை தெரியாத கலர்ல ஜாக்கெட் துணி வாங்கி வச்சுச்சு. பாய் கடையில பூ போண்டா போட்டாரு. பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளைக்கு மொதல்ல ஒரு போண்டா குடுத்து அஞ்சு நிமிசம் உக்காரவச்சுப் பாத்தாங்க. பங்குச் சாமியாரு, சனிக்கெழம தின்னா ஞாயித்துக்கெழம பூசைக்குக் கொறை இல்லன்னாரு. ஏட்டய்யா ஒரு சட்டம் போட்டாரு: சண்டைன்னா ரெண்டு தரப்பும் ஒரே கிண்ணத்துல சாப்பிடணும், எல்லார் முன்னாடியும் வேர்த்துக் காட்டணும், அப்புறந்தான் மத்தது.

நான் இதெல்லாத்தையும் ரெகார்டுல எழுதுனேன். மேடம் செவப்பு மையில அடிச்சாங்க. "எக்ஸ்டர்னல் வந்தா இதுக்கு விளக்கம் கேப்பாங்கம்மா. பூவோட விட்டம் எத்தன சென்டிமீட்டர்னு எழுது."

"நடந்தத எழுதக்கூடாதா மேடம்?"

"சிலபஸ்ல உள்ளது நடந்தா எழுது."

அன்னைக்கு எனக்கு வந்த கோவத்துக்கு ஒரு டப்பாப் பூவத் தின்னுருந்தாலும் பத்தாது. ஆனா நான் ஒரு இதழக்கூட வாயில வைக்கல. எங்கம்மாவும் வைக்கல. நான் கேட்டப்ப, "பூ நல்லாத்தான் இருக்கு, பாக்க"ன்னுச்சு.

பெரட்டாசியில தண்ணி லாரி ஒம்பது நாள் வரல. முன்னாடியா இருந்தா மூணாம் நாளே கொடத்த ரோட்டுல வச்சு பஸ்ஸ மறிச்சிருப்பாங்க. இப்ப பன்னெண்டு வீட்ல பதினோரு வீடு வெறுங்கொடத்தோட வேப்பமரத்தடியில உக்காந்து, "அவனுக்கும் என்ன கஷ்டமோ"ன்னு லாரிக்காரனுக்குப் பரிஞ்சு பேசிக்கிட்டிருந்துச்சு. நான் ஒவ்வொரு வீடாப் போயி கத்துனேன். எல்லாரும் என்னப் பாவமாப் பாத்தாங்க, கண்ணாத்தா ஒரு தட்டு பூ வடைய நீட்டுச்சு. கடசியில பத்தாம் நாள் எங்கம்மா வேலைக்குப் போற வழியில மெயின் ரோட்டுல போன லாரி முன்னாடி போயி நின்னு, "ஏய், வண்டிய லைனுக்குள்ள திருப்பு!"ன்னு ஒரு சத்தம் போட்டுச்சு. டிரைவர் திருப்பிட்டான். எல்லாரும் கொடம் நெறையப் புடிச்சுக்கிட்டு, "இருந்தாலும் அடைக்கலத்துக்கு இவ்வளவு கோவம் ஆகாது"ன்னு பேசிக்கிட்டே போனாங்க.

நான் அப்பவே முடிவு பண்ணிட்டேன், இந்த லைன்ல மிச்சமிருக்கது எங்கம்மா கோவம் ஒண்ணுதான், அதத்தான் காப்பாத்தணும்னு.

அந்த வாரம் லில்லி அத்தை வந்துச்சு. எங்கப்பா கூடப்பொறந்த தங்கச்சி, வத்தலக்குண்டுல இருக்கு, ரைஸ் மில்லுல வேல பாக்குற ஆன்றோன்னு ஒரு மகன். வந்து, தண்ணி குடிச்சு, முந்தானையால கழுத்தத் தொடைச்சுட்டு, "மதினி, அண்ணன் வந்துர்றேங்குது"ன்னுச்சு. திருப்பூர்ல அந்த வீட்டுப் பையன் பெரியவனாகி, வீட்ட விட்டுக் கெளம்புன்னு சொல்லிட்டானாம். "ஐப்பசி மூணாவது ஞாயித்துக்கெழம கூட்டியாரேன். தையில பெர்னாவ நம்ம ஆன்றோவுக்கு முடிச்சுருவோம், அண்ணனும் அதத்தான் சொல்லுது. பிள்ளைக்கு எதுக்கு இன்னும் படிப்பு?"

அம்மா பூண்டு உரிச்சுக்கிட்டிருந்துச்சு. எனக்கு நாக்குல நெருப்பு.

"அத்தை, உங்க அண்ணன் என்ன இன்னும் எட்டாப்புல விட்டுட்டுப் போன பாவாடப் பிள்ளைன்னு நினைச்சுட்டீங்களா? ஆறு வருசம் கழிச்சு வந்து என் படிப்ப நிறுத்த அவரு யாரு?"

"பாத்தியா மதினி, வாய. அப்பன் இல்லாத வீடுன்னா இப்படித்தான்." அத்தை அம்மா பக்கம் நகந்து உக்காந்துச்சு. "கோவமா இருக்கியா மதினி?"

அம்மா அடுத்த பூண்ட எடுத்துச்சு.

"கோவத்துக்குத்தான் உங்க லைன்லயே மருந்து இருக்காமே. ஒரு வாய் தின்னுட்டா தீந்துச்சு."

அத்தை போறதுக்குள்ள விசயம் பன்னெண்டு வீட்டுக்கும் தெரிஞ்சுபோச்சு. ஏட்டய்யா நாள் குறிச்சுட்டாரு, மூணாவது ஞாயித்துக்கெழம, பூச முடிஞ்சு, எங்க வீட்லயே. நான் வேப்பமரத்தடியில நின்னு கேட்டேன், "போனது அவரு. பூவ மட்டும் எங்கம்மா ஏன் திங்கணும்?"

"அவரும் திம்பாருடி, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்"ன்னாரு ஏட்டய்யா.

"உங்கம்மா நல்லதுக்குத்தான்டி சொல்றோம்"ன்னுச்சு பஞ்சவர்ணம் அக்கா. "இம்புட்டு வருசம் மனசுல கோவத்த வச்சுக்கிட்டு எப்படித் தூங்குதோ பாவம்."

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். "நீ அதத் திங்காத."

"பாப்போம்."

"பாப்போம்னா? தின்னா என்ன ஆகும்னு தெரியும்ல? தங்கராசு அண்ணன் மாதிரி, இன்னுங் கொஞ்சம் சோறு வையின்னு சொல்லிருவ. அவரு வந்து உக்காந்துருவாரு, நான் வத்தலக்குண்டுல போயி உக்காந்துருவேன். உனக்கு அவரு மேல கோவம் இருக்குல்ல? இருக்குன்னு சொல்லு."

"அரிசியக் களைஞ்சு வையி, ஒல கொதிக்குது."

மறுநாள் அம்மா வேலைக்குப் போனதும் நான் கத்திரிய எடுத்துக்கிட்டுப் பின்னாடி போனேன். பதினாலு டப்பாவுலயும் பூத்தது, மொட்டு விட்டது, விடப்போறதுன்னு ஒண்ணு விடாம வெட்டித் தள்ளுனேன். கையெல்லாம் எலுமிச்சை நாத்தம். பூ இல்லாட்டி விருந்து இல்ல, விருந்து இல்லாட்டி வேர்வை இல்ல, எங்கம்மா கோவம் எங்கம்மாகிட்டயே இருக்கும்னு கணக்குப் போட்டேன்.

செண்டுமல்லியக் கிள்ளுனா ரெண்டு மடங்கு பூக்கும். இத என் ரெகார்டு நோட்டுல பன்னெண்டாம் பக்கத்துல நானே எழுதி, அடிக்கோடு போட்டு, மேடம்கிட்ட டிக் வாங்கியிருக்கேன். செடியோட வேரப் புடுங்கியிருந்தா வேல முடிஞ்சிருக்கும், புராஜெக்ட் மார்க் போயிருமேன்னு வேரத் தொடல. கோவத்துல வெட்டுனவளுக்குப் பாடம் மறந்துச்சு, மார்க் மட்டும் மறக்கல. இருவத்தி ரெண்டு நாள் கழிச்சு அந்த ஞாயித்துக்கெழம விடிஞ்சப்ப பின்னாடி பக்கம் மண்ணே தெரியல, டப்பா தெரியல, பாய் விரிச்சாப்புல ஆரஞ்சு. பஞ்சவர்ணம் அக்கா எட்டிப் பாத்து, "பரவால்லடி, விருந்துக்குன்னு நல்லாப் பண்டுவம் பாத்திருக்க"ன்னு சொல்லிட்டு ரெண்டு மொறத்துல பறிச்சுட்டுப் போச்சு.

பதினோரு மணிக்கு எல்லாரும் வந்தாங்க. பதினோரு வீட்லேர்ந்தும் பதினோரு கிண்ணம். செண்டுமல்லிப் பச்சடி, செண்டுமல்லி போட்ட லெமன் சாதம், பூ வடை, பூ ரசம், பாய் வீட்லேர்ந்து பூ தூவுன பிரியாணி. ரெண்டு ரூமு வீட்ல முப்பது பேரு. ஏட்டய்யா நடுவுல நாற்காலியில. லில்லி அத்தை அம்மாவுக்குன்னு புதுசா ஒரு வெள்ளத் தேங்காப்பூத் துண்டு வாங்கியாந்துருந்துச்சு, ஆறு வருசக் கோவத்துக்குப் பழைய துண்டு தாங்காதுன்னு.

எங்கப்பா வெள்ளச் சட்ட போட்டுருந்தாரு. முடி கொட்டிப்போயிருந்துச்சு. கையில ஒரு ரெக்ஸின் பை. உள்ள வந்து எங்க உக்காரதுன்னு தெரியாம நின்னு, என்னப் பாத்து, "பெரிய மனுசியாயிட்ட"ன்னாரு.

"ஆறு வருசம் ஆனா எல்லாரும் ஆவாங்க."

"பெர்னா"ன்னு அம்மா சத்தம் குடுத்துச்சு. "அவருக்குப் பாய எடுத்துப் போடு."

போட்டேன். உக்காந்தாரு. அம்மா எதிர்க்க உக்காந்துச்சு. ஏட்டய்யா பதினோரு கிண்ணத்துலேர்ந்தும் கொஞ்சங் கொஞ்சம் எடுத்து ஒரே பாத்திரத்துல போட்டு நடுவுல வச்சாரு.

"எனக்கு என்ன கோவம்?"ன்னாரு எங்கப்பா. "கோவம் எல்லாம் அவளுக்குத்தான்."

"சட்டம்னா சட்டம். எடு."

ரெண்டு பேரும் சாப்பிட்டாங்க. அம்மா ஒரு வாய் வைக்குறப்ப முப்பது பேரும் அது நெத்தியப் பாத்தாங்க. லில்லி அத்தை துண்ட விரிச்சுப் புடிச்சுக்கிட்டு முட்டி போட்டு நின்னுச்சு. அஞ்சு நிமிசம் ஆச்சு. நெத்தி அப்படியே இருந்துச்சு. பத்து நிமிசம் ஆச்சு.

"ஃபேன நிறுத்துங்க, வேர்வை காயுது"ன்னாரு ஏட்டய்யா. நிறுத்துனாங்க. முப்பது பேருக்கும் சாதா வேர்வை ஊத்துச்சு. அம்மாவுக்கு அதுவும் ஊத்தல. அண்டாவுக்கு முன்னாடி நின்னு நின்னு அதுக்கு இந்தச் சூடெல்லாம் ஒரு சூடில்ல.

"பச்சடி பத்தல, வடையக் குடு"ன்னுச்சு கண்ணாத்தா. அம்மா வடையத் தின்னுச்சு. பிரியாணியத் தின்னுச்சு. நல்லாருக்கு பாய், கொஞ்சம் உப்பு கம்மின்னுச்சு. நெத்தி காஞ்சுதான் இருந்துச்சு. அக்கா வந்து கழுத்தத் தொட்டுப் பாத்துச்சு, அக்குள்ல தொட்டுப் பாத்துச்சு. "ஏட்டய்யா, பொட்டுத் தண்ணி இல்ல."

"பூ கெட்டுப்போச்சோ?"

அப்பத்தான் காதர் பாயோட பேத்தி, நாலு வயசு, எங்கப்பாவக் காட்டி, "அந்தத் தாத்தா ஒழுகுறாரு"ன்னுச்சு.

எல்லாரும் திரும்புனாங்க. வெள்ளச் சட்டக் காலர் ஆரஞ்சா இருந்துச்சு. நாங்க பாக்கப் பாக்க தோளு, மாரு, வயிறுன்னு எறங்கி, பாய்ல தேங்கி, தரையில ஓடி, வாசல்ல கெடந்த முப்பது பேர் செருப்பத் தொட்டுச்சு. அவரு கையத் தூக்கித் தூக்கிப் பாத்தாரு. மொழங்கைலேர்ந்து சொட்டுச்சு. லில்லி அத்தை அம்மாவுக்கு வாங்குன துண்ட எடுத்து அவருக்குத் தொடைச்சுச்சு, துண்டு புழியப் புழிய நெறஞ்சுச்சு, அக்கா வீட்டுத் துண்டு, கண்ணாத்தா வீட்டுத் துண்டு, பதினோரு வீட்டுக் கோவத் துண்டும் வந்துச்சு, பத்தல. ஆறு வருசமா இந்த லைன்ல யாரக் கோவக்காரின்னாங்களோ அது காஞ்ச நெத்தியோட உக்காந்து வெரல நக்கிக்கிட்டிருந்துச்சு.

கா மணி நேரம் வடிஞ்சுச்சு. வடிஞ்சு முடிஞ்சப்ப எங்கப்பா மொகம் எனக்கு அடையாளமே தெரியல. கொரலும் மாறிருச்சு.

"அடைக்கலம், நான் இங்க இருக்கட்டா, போகட்டா?"

அம்மா கையக் கிண்ணத்துலயே கழுவுச்சு.

"போங்க."

"மதினி!"ன்னுச்சு அத்தை. "கோவம்தான் இல்லைங்கிறியே!"

"இல்லதான். அவரு போன மொத வருசம் இருந்துச்சு, பெறகு எப்பப் போச்சுன்னு எனக்கே தெரியாது."

"அப்புறம் என்ன?"

"வேணாம், அவ்வளவுதான். பெர்னா படிக்கட்டும். ஆன்றோவுக்கு நல்ல பிள்ளையா வேற பாரு லில்லி, நானும் சொல்லி வைக்கிறேன்." அப்புறம் எங்கப்பாகிட்ட, "ரெண்டு அஞ்சுக்குத் திருப்பூர் வண்டி இருக்கு. இந்தச் சட்டையோட போகாதீங்க, தங்கராசு சட்ட உங்களுக்குச் சேரும்"ன்னுச்சு.

லைன்ல கோவத்துக்கு மருந்து இருந்துச்சு, துண்டு இருந்துச்சு, துவைக்கக் கல்லு இருந்துச்சு, சட்டம் இருந்துச்சு. வேணாம்ங்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. முப்பது பேரும் ஒவ்வொருத்தரா கெளம்பிட்டாங்க. எங்கப்பா தங்கராசு அண்ணனோட கட்டம் போட்ட சட்டையப் போட்டுக்கிட்டு, வாசல்ல நின்னு, "வர்றேன்"னு சொல்ல வந்து, அத மாத்தி, "போறேன்"னாரு. அம்மா தலையாட்டுச்சு.

நான் ஆறு வருசமாச் சேத்து வச்ச பேச்சு ஒண்ணு இருந்துச்சு, அவரு வந்தா சொல்றதுக்குன்னு, காலேஜ் பஸ்ல தெனமும் சொல்லிப் பாத்துக்கிட்ட பேச்சு. அவரு தெருமுக்குத் தாண்டுறவரைக்கும் அது வாய்லயே நின்னுச்சு. அதுக்கப்புறம் அம்மாகிட்டத் திரும்பிக் கத்துனேன்.

"உனக்குக் கோவமே இல்லையா? அப்ப அன்னைக்கு லாரிக்காரனக் கத்துனது என்ன?"

"தண்ணி வேணும்ல. மெதுவாச் சொன்னா எஞ்சின் சத்தத்துல அவனுக்குக் கேக்குமா?"

"வேணாம்னு இத்தன வருசமா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நான் பைத்தியக்காரி மாதிரி பூவெல்லாம் வெட்டுனேன், ராத்திரி பகலா ஒன் கோவத்தக் காவல் காத்துக்கிட்டிருந்தேன்!"

அம்மா தரையில கெடந்த ஆரஞ்சுத் தண்ணியச் சாக்கப் போட்டு ஒத்துச்சு. ஒத்திக்கிட்டே, என்னமோ அடுப்புல என்ன இருக்குன்னு சொல்ற மாதிரி சொல்லுச்சு.

"நீயும் சரி, லைனும் சரி, லில்லியும் சரி, கோவமா கோவமான்னுதான கேட்டீங்க? இருக்கட்டா போகட்டான்னு இன்னைக்குத்தான் ஒருத்தர் கேட்டாரு. சொல்லிட்டேன்."

சாக்கப் புழிஞ்சு வெளிய காயப்போட்டுட்டு, கைய ஒதறிக்கிட்டு உள்ள வந்து, காஞ்ச எடமாப் பாத்து இன்னொரு பாய விரிச்சு, காலு ரெண்டையும் நீட்டிப் படுத்துச்சு. மத்தியானம் ஒண்ணே முக்கா. எங்கம்மா பகல்ல படுத்து நான் பாத்ததே இல்ல.

"ஃபேன நாலுல வையிடி"ன்னுச்சு.

வச்சேன். நான் ரெகுலேட்டர்லேர்ந்து கைய எடுக்குறதுக்குள்ள கொறட்ட வந்துருச்சு.